அரிப்பும் டென்ஷனும்: நெல்லைச் சீமைக்காரர்கள் பகிர்ந்த அனுபவங்கள்

பாளைவாசி:

மார்ச் பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு தொடங்கும். என் முழங்கை மடிப்பில் கரப்பானும் தொடங்கும். தோல் சிவந்து அரிக்கும் இந்த நோயை டாக்டர்கள் எக்சிமா என்பார்கள். எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அதனால் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தாலும் கத்தரிக்காய்க் கூட்டு வைத்தாலும் எனக்கு மட்டும் பருப்பும் அப்பளமும்தான். "கரப்பான் பண்டம் உனக்கு ஆகாது" என்று ஆச்சி சொன்னால் அப்பீல் கிடையாது. வளர்ந்த பிறகு நோய் பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. இப்போது தணிக்கை, இடமாறுதல், மகளின் கல்லூரிக் கட்டணம் என்று ஏதாவது நெருக்கும்போது மட்டும் தலை தூக்குகிறது. வெயில்தான் காரணம் என்கிறார்கள் வீட்டில். பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மார்ச்சைவிட மே மாதம்தானே கொடுமை, அப்போது என் தோல் சும்மா இருக்கிறதே?

நான் பார்த்த டாக்டர் ஒருவர் ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, "டென்ஷன் ஆகாதீர்கள்" என்றார். இரவு பதினொரு மணிக்குக் கணக்கு ஒத்துவராதபோது அந்த அறிவுரையை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி உண்டா? கஷாயச் செய்முறை வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்ததும் வேண்டாம். உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் நடந்ததை எழுதுங்கள்.

அம்பை மருந்துக்கடை:

அண்ணாச்சி, நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவன். பிளஸ் டூ தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் தாய்மார்கள் கூடிவிடுவார்கள். பிள்ளைக்குக் கழுத்தைச் சுற்றிச் சிவந்திருக்கும், முழங்காலுக்குப் பின்னால் பொருக்குத் தட்டியிருக்கும். எல்லோரும் கேட்பது ஒரே பொருளைத்தான்: பூஞ்சைக்கும் கிருமிக்கும் அரிப்புக்கும் சேர்த்து ஒரே டியூபில் அடைத்த கிரீம். அதில் பலவற்றில் இருக்கும் குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. பூசிய சில நாளில் சிவப்பு மறையும். அதனால்தான் அதற்கு அவ்வளவு மவுசு. மறைந்ததும் நிறுத்துவார்கள், திரும்பக் கிளம்பும், திரும்பப் பூசுவார்கள். மாதக்கணக்கில் முகத்தில் பூசித் தோல் மெலிந்து, உள்ளே ஓடும் சிவப்பு நாளங்கள் வெளியே தெரிய வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படர்தாமரை மேல் பூசினாலோ அது அடையாளமே தெரியாமல் உருமாறிப் பரவும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியை இறுக்கியது. சீட்டைக் கேட்டால், "அடுத்த கடையில் தருகிறார்களே" என்று கோபித்துக்கொண்டு போகிறார்கள்.

அதற்காக ஸ்டீராய்டையே விஷம் என்று ஒதுக்குவதும் சரியில்லை. பயந்துகொண்டு பூசாமல் விட்டு, விடிய விடியச் சொறிகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். டாக்டர் சொன்ன வீரியத்தில், சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பூசினால் அது நல்ல மருந்து.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்டு வருகிறவர்களின் முன்கையைப் பார்ப்பேன். பல பேருக்கு அங்கே நகத் தடம் இருக்கும்.

முக்கூடல் மகள்:

டென்ஷன் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பீடி சுற்றுகிறாள். கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் வாங்கி வந்து, இலையை நனைத்து, அளவு பார்த்து வெட்டி, மடியில் சொளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டாள். அப்பா தவறிய வருடம் அம்மாவின் வலக்கையில் கட்டைவிரலும் அதை அடுத்த விரல்களும் வெடிக்கத் தொடங்கின. முதலில் பொடிக் கொப்புளம், பிறகு நீர் வடிதல், பிறகு தோல் உரிந்து பாளம் பாளமாக வெடிப்பு. பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "வீட்டுக்காரர் போன கவலை, கை வழியாக வருகிறது." மதினி சொன்னாள், மகளிர் குழுவில் இருக்கும் பெண்கள் சொன்னார்கள், கடைசியில் ஒரு டாக்டரும் அதையே சொல்லிக் கவலைக்கு மாத்திரை எழுதினார். அம்மா அதை விழுங்கிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிந்தாள். சுற்றும் பீடி குறைந்தது, கூலி குறைந்தது, கை மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு பார்த்த வேறொரு தோல் டாக்டர், அம்மா கையை நீட்டியதும், "என்ன வேலை செய்கிறீர்கள்? இங்கேயே செய்து காட்டுங்கள்" என்றார். அம்மா காற்றிலேயே இலை வெட்டிக் காட்டினாள். கத்தரிக்கோல் வளையம் எங்கே உரசுமோ அங்கேதான் புண் இருந்தது. முதுகில் சிறு சிறு ஒட்டுகளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் எடுத்தார்கள். நிக்கல் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. கவரிங் கம்மல் போட்டால் சிலருக்குக் காது புண்ணாகிறதே, அதற்குப் பின்னாலும் பெரும்பாலும் இந்த நிக்கல்தானாம். வளையத்தில் துணியை இறுக்கிச் சுற்றிக் கொடுத்தோம். ஈரமும் புகையிலைத் தூளும் சேர்ந்து ஏற்கெனவே தோலைப் பதம் பார்த்திருந்ததால் ஆற நாளாயிற்று, ஆனால் ஆறியது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் மறைப்பது நியாயமில்லை. கை ஆறிய பிறகும், குழுக்கடன் வசூலுக்கு ஆள் வரும் கிழமை நெருங்கினால் அம்மா புறங்கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். கடையில் பீடியைக் கழித்துவிட்ட நாளிலும் அப்படித்தான். ஆகவே கவலைக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கவலை என்று ஒரு தடவை பெயர் வைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கத்தரிக்கோலைப் பார்ப்பதில்லை. கணவனை இழந்தவளுக்கு வந்தால் கவலை, கல்யாணமாகாத பெண்ணுக்கு வந்தால் ஏக்கம், ஆண்பிள்ளைக்கு வந்தால் மட்டும் அலர்ஜி.

பாளைவாசி:

தாயி, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தோல் படிக்கும் தம்பி:

நான் தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். கையில் மட்டும் வரும் எக்சிமாவுக்கு முதல் கேள்வி "என்ன தொழில்?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். முக்கூடல் அக்கா எழுதியதை எங்கள் வகுப்பில் வாசிக்கலாம்.

பாளை அண்ணாச்சியின் மார்ச் மாதத்துக்கு வருகிறேன். தோலின் மேலடுக்கும் நரம்பு மண்டலமும் கருவில் ஒரே வெளிப்படலத்திலிருந்து உருவாகின்றன. அந்த உறவு கடைசிவரை விடுவதில்லை. மனம் நெருக்கடியில் இருக்கும்போது மூளை சேதி அனுப்பி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. கார்டிசால் அழற்சியை அடக்கும் பொருள். அப்படியானால் டென்ஷனில் எக்சிமா குறையத்தானே வேண்டும் என்று நானும் முதலாண்டில் கேட்டேன். எக்சிமா உள்ளவர்களைச் சோதித்தபோது, நெருக்கடி நேரத்தில் அவர்கள் உடல் கார்டிசாலை மற்றவர்கள் அளவுக்கு உயர்த்துவதில்லை என்று தெரிந்தது. அடக்குகிற கை தளர்ந்திருக்கும் அதே நேரத்தில் தோலில் வந்து முடியும் நரம்பு நுனிகள் 'சப்ஸ்டன்ஸ் பி' போன்ற பொருள்களைக் கசியவிடுகின்றன. அவை அங்கிருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி செல்களைத் தூண்டிவிட, சிவப்பும் அரிப்பும் கிளம்புகின்றன.

இன்னொரு வழியும் உண்டு. தோலின் மேலடுக்கைச் செங்கல் அடுக்கிக் கொழுப்புச் சாந்து பூசிய சுவர் என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். எக்சிமா உள்ள பலருக்கு அந்தச் சுவர் பிறவியிலேயே தளர்ச்சி. ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் இருக்கும் குறைதான் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருத்துவமும் பல் மருத்துவமும் மருந்தியலும் படிக்கும் மாணவர்களின் தோலில் ஒட்டு நாடாவைத் திரும்பத் திரும்ப ஒட்டி உரித்து அந்த மேலடுக்கைக் குலைத்துப் பார்த்தார்கள். விடுமுறை முடிந்து வந்தபோது அது விரைவாகச் சீரடைந்தது. தேர்வுக் காலத்தில் தாமதமானது. அவர்கள் யாருக்கும் தோல் நோய் கிடையாது. நல்ல தோலுக்கே இந்தக் கதி.

இரவில் ஏன் கூடுகிறது என்றால், மாலைக்குப் பிறகு கார்டிசால் இறங்குகிறது, படுக்கையில் தோல் சூடாகிறது, தோல் வழியே நீர் இழப்பும் கூடுகிறது. சொறிந்தால் சுவர் இன்னும் உடைந்து இன்னும் அரிக்கும். தூக்கம் போய்விட்டால் மறுநாள் சிறு சொல்லும் சுருக்கென்று குத்தும். இதில் எது முதலில், எது பிறகு என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என் பேராசிரியரே திணறுவார்.

சந்திப்புக்காரி:

2023 டிசம்பர் 17, 18. எங்கள் பக்கத்தில் தேதி சொன்னாலே போதும். ஆறு கரையை மீறி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது என்றால் எங்கள் தெரு எம்மாத்திரம். வீட்டுக்குள் இடுப்பளவு வந்துவிட்டது. மாடி வீட்டு அத்தை கதவைத் திறந்துவிட்டதால் பிழைத்தோம்.

மகனுக்குக் கைக்குழந்தையிலிருந்து எக்சிமா. பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் நன்றாக அடங்கியிருந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த நாள்களில் அவனுக்குக் கண்ணிமை, கழுத்து, முழங்கை எல்லாம் சிவந்து நீர் கோத்துவிட்டது. சாக்கடைத் தண்ணீர் பட்டதுதான் என்றார்கள் எல்லோரும். அவன் கால் தண்ணீரில் படவே இல்லை. அவனுடைய அப்பா தோளில் தூக்கி மாடியேற்றினார். சேற்றிலேயே நின்ற எங்களுக்குச் சேற்றுப்புண் வந்தது, ஆறியது, அவ்வளவுதான். மழைச் சத்தம் கேட்டால் அவன் எழுந்து உட்காருவான். உட்கார்ந்தால் கை கழுத்துக்குப் போகும். நான் நாள் முழுவதும் "சொறியாதே, சொறியாதே" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கத்தக் கத்த அதிகமாயிற்று. வீடு போன எரிச்சலையும் அவன் மேல் காட்டியிருப்பேன்.

தோல் படிக்கும் தம்பி:

அக்கா, ஜப்பானில் 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரைப் பூகம்பம் உலுக்கிய பிறகு, எக்சிமா உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கணக்கெடுத்தார்கள். பாதித்த பகுதிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் நோய் கூடியிருந்தது. பாதிக்காத பகுதியில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான். ஒரு சிலருக்கு நோய் குறைந்தும் இருந்தது என்பது அந்த ஆய்வில் இன்னொரு விநோதம். அங்கே வெள்ளம் இல்லை, சாக்கடை இல்லை. தூசியும் குளிரும் குளிக்க முடியாத நிலையும் இருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்திருக்கும், அவன் தினமும் பூசும் களிம்பு வெள்ளத்தோடு போயிருக்கும். பயத்தை முன்னால் நிறுத்துங்கள், மற்றவற்றை விரட்டிவிடாதீர்கள்.

"சொறியாதே" என்பதற்கு ஒரு மாற்று உண்டு. அரிக்கும்போது கைக்கு வேறு வேலை கொடுப்பது: முஷ்டியை இறுக்கி மூடுவது, அரிக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்துவது, கையில் ஒரு பந்து வைத்திருப்பது. இதைப் பழக்க மாற்றப் பயிற்சி என்பார்கள். களிம்போடு சேர்த்துச் செய்தால் பலன் தருகிறது. கையைச் சொல்லித் திட்டினால் பிள்ளைக்குக் கை மட்டும்தான் நினைவிருக்கும்.

நாங்குநேரிக்காரன்:

என்னுடையது சொரியாசிஸ். தலையிலும் முழங்கையிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில். கருப்புச் சட்டை போட்டு வருடங்கள் ஆகின்றன.

டென்ஷனால் வந்ததா என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்கு வரிசை தலைகீழ். முடிவெட்டும் கடையில், "தம்பி, மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள், வேண்டுமானால் உங்கள் வீட்டுக்கு வந்து வெட்டிவிடுகிறேன்" என்றார் அண்ணாச்சி. மரியாதையாகத்தான் சொன்னார், அதனால் சண்டைகூடப் போட முடியவில்லை. விடுதியில் என் வாளியை யாரும் தொடுவதில்லை. கொடியில் என் துண்டுக்கு இரண்டு பக்கமும் காலி இடம் கிடைக்கும், அது ஒன்றுதான் லாபம். இது ஒட்டுவாரொட்டி கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோல் செல்களையே அவசர அவசரமாகப் பெருக வைப்பதால் வருவது. சொரியாசிஸ் தொற்றாத நோய், அதை வைத்து மனிதரை ஒதுக்கக் கூடாது என்று உலக சுகாதாரப் பேரவை 2014இல் தீர்மானம் போட்டிருக்கிறது. தீர்மானம் இன்னும் எங்கள் விடுதிக் குளியலறைக்கு வந்து சேரவில்லை.

ஊருக்குப் போனால் குறைகிறது. ஆச்சி என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, செதில் நிறைந்த தலையில் முகம் சுளிக்காமல் தேங்காய் எண்ணெய் தேய்ப்பாள். கோயில் கொடைக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் "தொடாதீர்கள்" என்றபோது, "உன் தலையையும் காட்டு, தேய்த்துவிடுகிறேன்" என்றாள். டாக்டரிடம் இதைச் சொன்னேன். "வாழைத் தோட்டத்தில் வெயிலில் நின்றிருப்பீர்கள், புறஊதாக் கதிர் இந்த நோய்க்கு நல்லது" என்றார். இருக்கலாம். வெயில் விடுதி மொட்டை மாடியிலும்தான் அடிக்கிறது.

ஓய்வு பெற்ற வாத்தியார்:

தம்பி, நானும் உன் கட்சி. சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரிப் பக்கம் நடமாடியவர்களுக்கு வெட்பாலைத் தைலம் தெரியாமல் இருக்காது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறும். நான் பூசுகிறேன், செதில் இளகுகிறது, இழுவை குறைகிறது. வேரோடு போகும் என்று சொல்பவனை மட்டும் நான் நம்புவதில்லை.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போய்த் தங்குவேன். 2019இல் அது தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் எங்களுக்கு அது நம் அருவிதான். அங்கே இருக்கும்வரை அரிப்பு இல்லை. மூலிகை கலந்த தண்ணீர் என்பார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வீட்டுக்குத் திரும்பி, பாகப்பிரிவினைப் பேச்சு மறுபடி தொடங்கிய அன்றே முழங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். மூலிகை குணம் அதற்குள்ளா இறங்கிவிடும்?

அம்பை மருந்துக்கடை:

சார், ஒரு சேதி மட்டும். வேரோடு பிடுங்குகிறேன் என்று பொட்டலம் கட்டித் தரும் சில பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். சாப்பிடும்வரை தோல் பளபளக்கும். திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் உடம்பெல்லாம் சிவந்து உரியும் நிலைக்குப் போய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். முறையாகப் படித்த சித்த மருத்துவரைப் பாருங்கள். பேர் எழுதாத பொட்டலம் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளும் சிலருக்குச் சொரியாசிஸைக் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

தோல் படிக்கும் தம்பி:

வாத்தியார் ஐயா சந்தேகப்பட்டதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. சொரியாசிஸுக்குப் புறஊதாக் கதிரால் ஒளி சிகிச்சை பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு, ஒளிப் பெட்டிக்குள் நிற்கும்போதே மனத்தை நிலைப்படுத்தும் ஒலிநாடாவைக் கேட்க வைத்தார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வில், கேட்டவர்களுக்குத் தோல் விரைவில் தெளிந்தது. சிறிய ஆய்வு, நாற்பது பேர்கூட இல்லை. ஒளியும் கொடுத்து, நாடாவும் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நாடாவை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவில்லை. களிம்பையும் மாத்திரையையும் குறைத்துக்கொண்டு "மனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது வைத்தியமே அல்ல. பல பேருக்கு அரிப்பு அடங்கினாலே பாதி டென்ஷன் போய்விடுகிறது.

நாங்குநேரித் தம்பிக்குத் தனியாக ஒன்று. ஒதுக்கப்படுவது பழகிவிடும் என்று இருந்துவிடாதே. தூக்கமும் சாப்பாடும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் 14416க்குப் பேசு. டெலி மானஸ், அரசாங்க இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

பாளைவாசி:

சரி தம்பி, அடுத்த மார்ச் வருமே. டென்ஷன் ஆகாமல் இருக்க என்னால் முடியாது. வேறு என்ன செய்யலாம்?

தோல் படிக்கும் தம்பி:

ஜனவரியிலேயே தொடங்குங்கள் அண்ணாச்சி. குளித்து ஈரம் காய்வதற்குள் ஈரப்பதக் களிம்பு, தினமும். வழக்கமாகக் கிளம்பும் அதே இடத்தில், தோல் நன்றாக இருக்கும்போதே வாரத்துக்கு இரண்டு நாள் மருந்துக் களிம்பு பூசும் முறையும் உண்டு. உங்களுக்கு ஏற்றதா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அரிப்புக்கு என்று கடையில் வாங்கும் அலர்ஜி மாத்திரை எக்சிமா அரிப்பை அவ்வளவாகத் தொடாது, ஏனென்றால் அந்த மாத்திரை தடுப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை, இந்த அரிப்பைக் கிளப்புவதில் அதற்குப் பெரிய பங்கு இல்லை. பழைய வகை மாத்திரைகள் தூங்க வைக்கும். அதைத்தான் குணம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

முக்கூடல் மகள்:

அம்மாவுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். கையுறை போட்டால் சுற்ற வராது, பீடி தளர்ந்துவிடும் என்கிறாள்.

தோல் படிக்கும் தம்பி:

இலை வெட்டும்போது மட்டும் விரல் நுனி வெட்டிய பருத்திக் கையுறை. சுற்றும்போது வேண்டாம். வேலை முடிந்ததும் துணி சோப்பால் கை கழுவும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். இரவில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசிக்கொண்டு, பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் படுக்கட்டும்.

அம்பை மருந்துக்கடை:

கடையில் கேட்கும்போது வாசனை சேர்க்காத ஜெல்லி என்று சொல்லிக் கேளுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் ரோஜா வாசனை போட்டதைத்தான் எடுத்துத் தருவார்கள். சிலருக்கு அந்த வாசனையே அரிக்கும்.